நெபுலா புரூஃப் பார்க்க வந்தது

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை, வாசல் தெளித்துக் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது நெபுலா எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்து, செருப்புக் கழற்றுகிற இடத்தில் கொஞ்சம் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி ஒருதரம் விரிந்து சுருங்கி, நான் "வாங்க" என்றதும் ஹாலுக்குள் போய் டிவிக்கும் பீரோவுக்கும் நடுவில் அமர்ந்தது. வானத்தில் திருவாதிரைக்குப் பக்கத்தில் வாயுவும் தூசியுமாகப் புகைபோலக் கிடக்கிற அதை விரித்துப்போட்டால் நூற்று முப்பது ஒளியாண்டு அகலம் என்று என் மகள் தங்கேஸ்வரி சொன்னாள், ஒளியாண்டு என்றால் வெளிச்சமே ஒரு வருஷம் ஓடுகிற தூரமாம். ஆனால் விசேஷ வீட்டுக்குப் போகிறவள் பட்டுச்சேலையை மடித்துப் பையில் வைப்பதுபோல அது தன்னை மடித்துக்கொண்டு வந்திருந்ததால் எங்களுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை, பீரோவின் ஒரு கதவைத்தான் திறக்க முடியவில்லை.

ஏன் வந்தது என்று சிவகாசியில் யாரும் கேட்கவில்லை. இது அச்சடிக்கிற ஊர். காலண்டரோ கல்யாணப் பத்திரிகையோ, எதுவானாலும் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்துக் காட்ட வேண்டும், அதற்குப் பேர் புரூஃப். வேலை கொடுத்தவர், அவரைப் பார்ட்டி என்போம், நேரில் வந்து உட்கார்ந்து, "பிள்ளையார் தொந்தியைக் கொஞ்சம் குறைங்க" என்றோ "மாமனார் பேரைப் பெருசாப் போடுங்க" என்றோ ஒரு திருத்தமாவது சொல்லி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும், அதுவரை எந்தப் பார்ட்டியும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. தங்கேஸ்வரி இருபத்தொரு ராத்திரி மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை வைத்து இந்த நெபுலாவைப் படம் பிடித்தாள், இருபத்தொரு ராத்திரியும் அது முகம் கோணாமல் இருந்து கொடுத்தது, தைப்பூசத்தன்று அவள் டெலஸ்கோப்புக்குத் துண்டைப் போர்த்திவிட்டுத் தூங்கப் போனாள், வேலை முடிந்தது என்று நினைத்து அது புரூஃப் பார்க்க இறங்கி வந்துவிட்டது. இதில் கேட்க என்ன இருக்கிறது?

"வேலை முடியலம்மா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள் தங்கேஸ்வரி. முப்பத்தொரு வயது, ரத்தினவேல் அண்ணாச்சியின் அச்சாபீசில் கம்ப்யூட்டரில் கலர் பிரிக்கிற வேலை, நல்ல பிள்ளை, பிடிவாதம் மட்டும் தராசில் நிறுக்க முடியாது. அவள் சொன்னதை நான் புரிந்துகொண்டவரை சொல்கிறேன். அவள் காமிராவுக்குக் கலர் தெரியாது, கருப்பு வெள்ளைதான். அதன் முன்னால் பில்டர் என்று ஒரு சின்னக் கண்ணாடியை வைப்பாள். ஒரு பில்டர் ஹைட்ரஜன் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும், இன்னொன்று கந்தகத்தின் வெளிச்சத்தை மட்டும், மூன்றாவது ஆக்சிஜனுடையதை மட்டும், தெருவிளக்கு, கோவில் சீரியல் லைட்டு, கட்சிக் கூட்டத்து ஃபோகஸ் லைட்டு எல்லாம் அழைப்பில்லாதவர்கள் மாதிரி வாசலோடு நின்றுவிடும். அப்படி எடுத்த மூன்று கருப்பு வெள்ளைக்கும் மூன்று கலர் கொடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் படம், காலண்டரில் நாங்கள் நாலு கலர் பிளேட்டை ஒன்றின்மேல் ஒன்று அடித்து லட்சுமியைக் கொண்டுவருவதுபோல. ஹைட்ரஜன் பன்னிரண்டு ராத்திரி, கந்தகம் ஒன்பது ராத்திரி ஆயிற்று. ஆக்சிஜன் வெளிச்சம் மங்கல், அதற்கு நிலா ஆகாது, பௌர்ணமி கழியட்டும் என்று விட்டிருந்தாள்.

"இப்ப அது இருந்த இடம் வானத்துல காலியா கிடக்கு. இங்க உக்காந்துருக்கிறதை நான் எப்படி எடுக்க?"

"ஏன், இங்கயே வச்சு எடேன்."

"இந்தக் குழாய்க்கு அரைக் கிலோமீட்டராவது தள்ளி இருக்கணும்மா. கிட்டத்துல இருக்கிறது எதுவும் கண்ணுக்குத் தெரியாது."

"உங்கப்பா மாதிரி" என்றேன்.

ஆக, புரூஃப் பார்க்காமல் அது போகாது, அது போகாமல் படம் முடியாது, படம் முடியாமல் புரூஃப் இல்லை. இந்த வட்டத்துக்குள் நான் மூன்று வேளையும் சமைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் ஊர் அதைப் பார்க்க வந்தது, இரண்டாம் வாரம் ஊர் அதற்கு வேலை கொடுத்தது. கந்தக வாடை அடிக்கிற ஒருவரை இந்த ஊரில் யாரும் விருந்தாளியாக நினைப்பதில்லை, பட்டாசு ஆலையில் ஷிஃப்ட் முடிந்து வந்தவராகத்தான் நினைப்போம். அதனால் தெருப் பெண்கள் கூச்சமில்லாமல், சிரங்குக்குக் கந்தகம் நல்லது என்று சிரங்கு பிடித்த புருஷன்மாரைக் கூட்டிவந்து கால் மணி நேரம் அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கூட்டிப்போனார்கள், இரண்டு பேருக்குக் குணமாகியும்விட்டது. எந்த வெளிச்சத்துக்கு எந்தக் கலர் என்பது நாம் வைப்பதுதான் என்று தங்கேஸ்வரி எங்கேயோ வாய்விட்டிருக்கிறாள், அடுத்த நாளே ஒரு கட்சிக்காரர்கள் தங்கள் கொடிக் கலரைக் கொடுக்கச் சொல்லி வந்தார்கள், மத்தியானம் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள், சாயங்காலம் மூன்றாவதாக ஒரு கட்சி வந்து, எங்களுக்கென்று எதுவும் வேண்டாம், அவர்கள் இரண்டு பேர் கலரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டது. கோவில் பூசாரி வந்து, பங்குனிப் பொங்கலுக்குச் சப்பரத்துக்குப் பின்னால் இதை நிறுத்தினால் எடுப்பாக இருக்கும் என்றார்.

"அது சாமி இல்லங்க, பார்ட்டி" என்றேன்.

"நம்ம அம்மனும் பார்ட்டிதாம்மா. வருஷா வருஷம் ஏதாவது ஒரு திருத்தம் சொல்லாம சப்பரம் ஏறியிருக்கா?"

தீயணைப்பு ஆபீஸர் கோமதிநாயகம் பெரிய ரெஜிஸ்டரோடு வந்தார். உள்ளே என்னென்ன சரக்கு இருக்கிறது என்று கேட்டார். "ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் சார்" என்றாள் என் மகள், நாலும் தெரிந்த பிள்ளைக்கு நாக்கை அடக்கத் தெரியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "மூணையும் ஒரே ரூம்லயா வச்சுருக்கீங்க? லைசென்ஸ்?" என்றார். பிறகு, ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை வாசித்தார். இதை எத்தனை பேராகக் கணக்கில் எடுப்பது என்று நான் கேட்டதற்கு ரெஜிஸ்டரை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, "ஆய்வில் உள்ளது" என்று எழுதிக்கொண்டு, இரண்டு வாளி மணலை வாசலில் வைத்துவிட்டு, நைலான் சேலை கட்ட வேண்டாம், பருத்தியே கட்டுங்கள் என்றார்.

பதினெட்டு வருஷமாக நான் பருத்திதான் கட்டுகிறேன். ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கிற ரூமில் அன்றைக்கு இருந்த நாலு பேரில் என் வீட்டுக்காரர் ஒருவர். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி நான் யாரிடமும், பெற்ற மகளிடமும், பேசினதில்லை. அம்மனிடம் மட்டும் ஒரு பேச்சு முடித்துவைத்தேன்: செவ்வாய் வெள்ளி விரதத்தை நான் விடமாட்டேன், நீ என் மகள் பக்கத்தில் தீயை விடக் கூடாது. அதனால்தான் அவளை அச்சாபீசில் சேர்த்தது.

அந்தப் பேச்சில் அம்மன் ஓட்டை கண்டுபிடித்தது எனக்குப் பத்தாம் நாள்தான் தெரிந்தது. அடுத்த வீட்டு வெள்ளத்தாய் மதினி வெளியூர் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் முப்பத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்தவர், திட்டியே ஆயிரம் பிள்ளைகளை வெளியே வரவைத்தவர், அவர் வாயில் வருகிற பாதி வார்த்தைகளை இந்தப் பேப்பர் தாங்காது. சீனி வாங்க வந்தவர் நெபுலாவைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து, கையை அதற்குள் விட்டுத் தடவினார்.

"ஏ மாரிக்கனி, கூறுகெட்டவளே, இது முழுகாம இருக்கு."

"நெபுலாவா மதினி?"

"பின்ன, நீயா?"

தங்கேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "ஆமா அத்தை, கருப்பு கருப்பா உருண்டை இருக்குல்ல, அதுக்குள்ளதான் நட்சத்திரம் பிறக்கும். ஆனா அதுக்கு இன்னும் லட்சம் வருஷம் ஆகும்."

"உன் படிப்பைத் தூக்கி உடைப்புல போடு. இது அடுத்த வாரத்து வயிறு."

நட்சத்திரம் பிறக்கும்போது சூடு எவ்வளவு என்று நான் மகளைக் கேட்டேன். ஒரு கணக்குச் சொன்னாள். மூன்று சைபருக்கு மேல் எனக்கு மனதில் நிற்காது. ஆனால் எங்கள் தெருவைச் சுற்றி எத்தனை குடோன், எந்தெந்தக் குடோனில் எவ்வளவு மருந்து என்பது தூக்கத்தில் கேட்டாலும் நிற்கும். அன்றைக்கு விளக்கு முன்னால் உட்கார்ந்து, "தீயை விடாதேன்னு சொன்னேன், நீ நட்சத்திரத்தை அனுப்பியிருக்க, நல்லா வக்கீலுக்குப் படிச்சிருக்க தாயி" என்று அம்மனைக் கேட்டேன். அவள் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். பொழுது விடிந்ததும் தங்கேஸ்வரியிடம் நேராகச் சொல்லிவிட்டேன்: படம் முடிந்தாலும் சரி, முடியாவிட்டாலும் சரி, பிள்ளை இந்த ஊருக்குள் பிறக்கக் கூடாது.

"அப்ப வெளியே போன்னு சொல்லும்மா" என்றாள்.

ஹாலுக்குப் போனேன். தெருப் பெண்கள் என்னைக் கேட்காமலே முந்தின நாள் வளைகாப்பு நடத்தியிருந்தார்கள், போட்ட கண்ணாடி வளையல்கள் விழாமல் அதற்குள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன, ஏழு வகைச் சாதத்தின் வாசனை இன்னும் போகவில்லை. நிறைசூலியாக உட்கார்ந்திருக்கிற ஒருத்தியைப் பார்த்துப் போ என்று சொல்கிற வாய் எனக்கு இல்லை. "காப்பி சாப்பிடுறீங்களா" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ரத்தினவேல் அண்ணாச்சி சுருக்கு வழி வைத்திருந்தார். "போன வருஷ முருகன் காலண்டர்ல மயில் கழுத்து நீலம் இருக்குல்லா, அதை எடுத்து ஆக்சிஜன்னு வச்சுரு தங்கேஸ்வரி. பார்ட்டிக்கு என்ன தெரியப்போகுது?"

"அது பொய் அண்ணாச்சி."

"நாம அடிக்கிற முருகன் மட்டும் நேர்ல வந்து நின்னாராக்கும்?"

நான்தான் அவளைக் கெஞ்சிச் செய்யவைத்தேன், அந்தப் பாவம் என்னுடையது. அண்ணாச்சி தாளை இரண்டு கையிலும் ஏந்தி நெபுலாவின் முன்னால் பிடித்தார். அது பார்த்தது, கிட்டே வந்து பார்த்தது, தள்ளிப் போய்ப் பார்த்தது, பிறகு ஒரு திருத்தமும் சொல்லாமல், மாமியார் வீட்டில் பேச்சு வாங்கினவள் மாதிரி சுருங்கி பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பீரோ சுட்டது. கைவைத்துப் பார்த்த வெள்ளத்தாய் மதினி அண்ணாச்சியை நோக்கி மூன்று தலைமுறையையும் தொட்டு ஒரு வசவு வைத்துவிட்டு, "வலி எடுத்துருச்சு. பொய்வலிதான், ஆனா இனி நாள் இல்ல" என்றார்.

மூன்றாம் நாள் சிவராத்திரி. அதற்கு அடுத்த நாள் அமாவாசை, நிலா இல்லை; எங்கள் பக்கம் சிவராத்திரிக்கு ஊரே பூட்டிக்கொண்டு அவரவர் குலதெய்வம் கோவிலுக்குப் போய்விடும், ஆலைகளும் குடோன்களும் காவலுக்கு ஒரு ஆளோடு கிடக்கும். ஊருக்கு வெளியே கண்மாய் வறண்டு கிடந்தது, சுற்றிலும் கருவேலம்கூட வெட்டிய பொட்டல், எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அங்கே அதைக் கூட்டிப்போவது, தங்கேஸ்வரி இங்கிருந்து ஆக்சிஜன் பில்டரைப் போட்டு ஐந்து ஐந்து நிமிஷமாக ராத்திரி முழுக்க எடுப்பது என்று முடிவாயிற்று. குலதெய்வத்திடம், இந்த வருஷம் மன்னித்துக்கொள், வீட்டில் பிரசவம் என்று நான் சொல்லிவிட்டேன்.

பொழுது சாய நடந்தோம், நான் முன்னால், அது நடுவில், மதினி பின்னால். பூட்டிய வீடுகள், பூட்டிய தெருக்கள், பூட்டிய குடோன்கள். ஒவ்வொரு குடோனைத் தாண்டும்போதும் நான் மூச்சை அடக்கினேன், அதுவும் தன்னை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக்கொண்டது, வளையல்கள் மட்டும் கிணுகிணுத்தன. கோமதிநாயகம் சார் தீயணைப்பு வண்டியோடு ஐம்பதடி தள்ளி எங்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்து கரைமேல் நிறுத்திக்கொண்டார். கண்மாய்க்குள் இறங்கியதும் அது உடம்பைத் தளர்த்தி ஒரு பனை உயரத்துக்கு விரிந்தது. போனில் தங்கேஸ்வரி.

"எம்மா, தெரியுதும்மா! மங்கலா, ஆனா தெரியுது. அசையாம இருக்கச் சொல்லு, ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம்."

"அசையாம இருங்கம்மா" என்றேன் அதனிடம். அது இருந்தது. ஐந்து நிமிஷம், பிறகு இன்னொரு ஐந்து நிமிஷம், பிறகு இன்னொன்று, இப்படி ஐம்பதுக்கு மேல். நடு ராத்திரிக்கு மேல் வலி கண்டது. ஒரு மூலையில் கிளம்பி உடம்பு முழுக்க ஓடி இன்னொரு மூலையில் போய் நிற்கும்.

"அசையுதும்மா!"

"நீ பெத்துப் பாருடி, அப்பத் தெரியும் அசையுதா அசையலையான்னு!" என்று போனைப் பிடுங்கிக் கத்தினார் மதினி. பிறகு அதன் பக்கம் திரும்பி, "மூச்சை இழுத்து விடு. இழுத்து விடுட்டீ, அங்க வானத்துல பரக்க விரிஞ்சு கிடக்கத் தெரியுது, இங்க கொஞ்சம் பல்லைக் கடிக்கத் தெரியாதா?" என்று வார்டு பாஷைக்கு மாறினார். அதற்கு அந்தப் பாஷை புரிந்தது. வலிக்கும் வலிக்கும் நடுவில் ஐந்து நிமிஷம் கல்லாக நின்றது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா" என்று தங்கேஸ்வரி சொன்னபோது கிழக்கு வெளுக்க ஒரு மணி நேரம் இருக்கும். அப்போதுதான் பிறந்தது. சத்தமில்லை, கருப்பு உருண்டை ஒன்று விரிய, ஒரு வெளிச்சம், தேங்காய்ப் பருமன், மதினியின் கையிலிருந்து நழுவி நேரே என் மடியில் வந்து விழுந்தது.

"என்னம்மா அது வெளிச்சம்? படம் எரிஞ்சுரும், கடைசிப் படம், மறைம்மா, எதையாவது போட்டு மறை!"

தீ என் மடியில் இருந்தது. பதினெட்டு வருஷமாக எதன் வாடை தெருமுனையில் அடித்தாலும் கதவைச் சாத்துவேனோ அது. போட்டுவிட்டு ஓடு என்று கால் சொல்லிற்று. மறை என்று மகள் அழுதாள். நான் முந்தியை இழுத்து மூடி, அதன்மேல் குனிந்து, என் உடம்பால் கவிழ்ந்துகொண்டேன், ஐந்து நிமிஷம், அம்மன் பேர்கூட வாயில் வரவில்லை. சேலை பற்றவில்லை. வெந்நீர் ஊற்றித் துவட்டின பிள்ளை எவ்வளவு கதகதப்போ அவ்வளவுதான் இருந்தது, என் வயிற்றில் முகத்தை வைத்து முட்டிக்கொண்டே இருந்தது.

"எடுத்துட்டேம்மா" என்று போன் சொன்னது.

மதினி இடுப்பிலிருந்து சீனிப் பொட்டலத்தை எடுத்தார், தண்ணீரில் கரைத்தார். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்கு முதலில் நாக்கில் தொட்டுவைக்கிற சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், அதனால் ஆள் பார்த்து வைப்போம். "மதினி, நான் வைக்கிறேன்" என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அந்த நட்சத்திரம் எரியப்போகிற கோடிக்கணக்கான வருஷத்துக்கு அக்கம்பக்கத்து நட்சத்திரங்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

விடிந்து ஒரு மணி நேரத்தில் தங்கேஸ்வரி தாளை ஏந்தி ஓடிவந்தாள். கலருக்குச் சண்டை போட ஊரில் ஒரு கட்சிக்காரரும் இல்லாததால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிம்மதியாக வைத்திருந்தாள், மூன்றும் சேர்ந்து ஓரமெல்லாம் பொன்னாகவும் நடுவில் ஆழ்கிணற்றுத் தண்ணீராகவும் வந்திருந்தது. அவ்வளவு அழகை நான் எந்தச் சாமி படத்திலும் பார்த்ததில்லை, அம்மன் கோபித்தால் கோபிக்கட்டும். நெபுலா வெகுநேரம் பார்த்தது. பிறகு தன் ஓரத்தில் ஒரு இழையை நீட்டி, படத்தில் ஒரு வெற்றிடத்தைத் தொட்டது. இழையை எடுத்தது. மறுபடியும் அங்கேயே தொட்டது.

"திருத்தம் சொல்லுதும்மா. என்ன வேணுமாம்?"

"பிள்ளை இல்லையேடி படத்துல. நான்தான மறைச்சுட்டேன்."

தங்கேஸ்வரி தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நான் அதைப் பார்க்கலையே. இப்ப விடிஞ்சு, வெயில்ல ஒண்ணும் தெரியல. நீதான் பார்த்த. என்ன கலரும்மா?"

அவள் காத்திருந்தாள், கலர் பிரிக்கிறவளுக்கு உள்ள பொறுமை.

"உங்கப்பா போன அன்னிக்கு நான் பார்த்த கலர் இல்ல" என்றேன். "அது வேற. அது வெள்ளையும் பச்சையுமா, கண்ணைக் குத்துற கலர், பின்னாடி கருப்பு. அதை உனக்கு இன்னொரு நாள் சொல்றேன், எல்லாம் சொல்றேன். இது அது இல்ல. நீ பிறந்தப்ப துடைச்சு என் கையில கொடுத்தாங்க, அப்ப உன் உள்ளங்கால் இருந்துச்சே, அந்தக் கலர்."

"அதுக்கு மெஜந்தா எவ்வளவு போடணும்?" என்று கேட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

முந்தியில் முடிந்திருந்த கோவில் பொட்டலத்தை அவிழ்த்து, குங்குமத்தில் திருநீற்றைச் சரிபாதி போட்டு, எச்சில் தொட்டுக் குழைத்து, நானே படத்தில் அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். நெபுலா பார்த்தது. தாளின் ஓரத்தில் ஒரு இழையை ஊன்றியது, அந்த இடம் லேசாகக் காந்திப் பழுப்பாயிற்று, கையெழுத்து. பிறகு பிள்ளையை உள்ளே எடுத்துக்கொண்டு, வளையல்கள் குலுங்க, மடிப்பு மடிப்பாக விரிந்துகொண்டே மேலே போயிற்று. கண்மாய் அளவாயிற்று, ஊர் அளவாயிற்று, பிறகு வானத்தின் நீலம் எது, அது எது என்று தெரியவில்லை.

கரையிலிருந்து கோமதிநாயகம் சார் ரெஜிஸ்டரோடு இறங்கி வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

"சரக்கு எங்கம்மா?"

"போயாச்சு சார்."

"எத்தனை?"

"ரெண்டு."

"வந்தது ஒண்ணுதான?"

"ஆமா."

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார்: வந்தது ஒன்று, போனது இரண்டு, உயிர்ச்சேதம் இல்லை. பத்தொன்பது வருஷ சர்வீசில் அந்த ரெஜிஸ்டரில் வந்ததைவிடக் கூடுதலாக ஆள் போனதென்று தான் எழுதினது இதுதான் முதல் தடவை என்றார். நான் அவரை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.